இபனாக் மொழி: தமிழ் நாக்குக்கு ஒரு முதல் பாடம்

பிலிப்பைன்ஸில், லூசோன் தீவின் வடகிழக்கே ஓடும் ககாயன் ஆறுதான் அந்த நாட்டிலேயே நீளமானது. அதன் கரையில் துகெகராவ், இலகன் போன்ற ஊர்ப்பக்கம் வாழ்பவர்கள் இபனாக் மக்கள். 'பன்னக்' என்றால் ஆறு. முன்னால் வரும் 'இ' அந்த இடத்துக்காரர் என்று காட்டும். ஆக, பெயரே ஆற்றங்கரைக்காரர்.

தினம் பத்து நிமிஷம், வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

படி 1: வணக்கமும் நன்றியும்

காலை வணக்கம்: 'மபியா ஙா உம்மா'. நடுவில் வருவது அரிச்சுவடியோடு நாம் மறந்துபோன அதே ங. பழக்கதோஷத்தில் 'ங்கா' என்று ககரம் ஒட்டிக்கொள்ளும். 'ங்' சொல்லி, நாக்கை எடுக்கும்போதே 'ஆ' விடுங்கள். 'மபியா'வில் வரும் ப, 'பல்'லில் வருவது. நாம் இரண்டு உயிருக்கு நடுவே ப வந்தால் மென்மையாக்கிவிடுவோம், அது இங்கே தப்பு.

நன்றி: 'மப்பலோ'. இந்த ப்ப 'ரப்பர்' என்பதில் வருவது, 'அப்பம்' அல்ல.

படி 2: எண்கள்

தத்தாய், துவா, தல்லு, அப்ப, லிமா, அன்னம், பிது; பத்துக்கு மஃபுலு. 'தத்தாய்' சொல்லும்போது முதல் த 'தலை'யில் வருவது, த்த 'புத்தர்' என்பதில் வருவது. இரட்டை மெய் நமக்குச் சுலபம். 'பாடு', 'பாட்டு' வித்தியாசம் தெரிந்த காதுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் நான்கில்தான். 'அப்பா' என்று இழுத்தால் போச்சு. கடைசியில் தொண்டையைச் சட்டென்று அடைத்து நிறுத்த வேண்டும்.

படி 3: மாறும் ஒலிகள்

இங்கேதான் அதிக நேரம் செலவழியுங்கள். பகரத்துக்குப் பின் உ வந்தால் அது ஃப ஆகிறது: அதனால்தான் மஃபுலு. 'மபியா', 'பிது' இரண்டிலும் பின்னால் வருவது இ, அதனால் ப அப்படியே நிற்கிறது. 'பஸ்'ஸில் வரும் ப-வுக்குப் பின் உ வந்தால் வ: பக்கத்து இலொக்கானோ மொழியில் நிலா 'புலன்', இபனாக்கில் 'வுலன்'. 'தீபம்' என்பதில் வரும் த-வுக்குப் பின் இ வந்தால் அதிரும் ஸ: நாக்கு அங்கே 'திலா', இங்கே 'ஸிலா'. தொண்டையில் விரல் வைத்து 'ஸ்ஸ்' சொல்லுங்கள். தேனீபோல அதிர்ந்தால் சரி, பாம்புபோலச் சீறினால் தவறு.

படி 4: நாம், நாங்கள்

'சித்தம்' என்றால் நாம், 'சிகாமி' என்றால் நாங்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கே திணறுவார்கள்; நீங்கள் அப்படியே பொருத்திக்கொள்ளலாம். எதிரில் இருப்பவரையும் சேர்த்துச் சொல்ல 'சிகாமி' போட்டால், அவரை வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

ஊருக்கு ஊர் உச்சரிப்பு கொஞ்சம் மாறும். கலந்து கேட்டால் குழம்பும், ஒரே ஊர்க்காரரின் பேச்சைப் பதிவுசெய்து கேளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் இலொக்கானோ பரவலாகப் புழங்குவதால், கடைக்காரர் அதிலேயே பதில் சொல்லலாம். உங்கள் உச்சரிப்புதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் 'மப்பலோ' என்றே சொல்லிவிட்டு வாருங்கள்.