நள்ளிரவில் எதுக்களிக்கும் அமிலம்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

இரவு இரண்டு மணி. புளிப்பும் கசப்புமாக ஏதோ தொண்டைவரை வந்து முட்ட, திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறீர்கள். விடாத இருமல். நெஞ்செலும்புக்குப் பின்னால் தீ வைத்தது போல் எரிகிறது. இருட்டில் கையைத் துழாவித் தண்ணீரை எடுத்து இரண்டு மடக்கு குடித்ததும் கொஞ்சம் அடங்குகிறது. படுக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே எரிச்சல். நான் பல மாதங்கள் இப்படிக் கழித்திருக்கிறேன். அந்த மாதங்களில் நானாகச் செய்துகொண்ட கைவைத்தியங்களில் பெரும்பாலானவை பயனற்றவை. சில, நிலைமையை இன்னும் மோசமாக்கின. படித்தும், மருத்துவரிடம் கேட்டும், என் உடம்பில் பார்த்தும் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இரவு எதுக்களிப்பைப் பகல் நெஞ்செரிச்சல் போல நினைத்துக் கையாளக் கூடாது. அதற்கான வேலை மாலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்வது அதன் வேலை. ஆனால் அவ்வப்போது எதையும் விழுங்காமலேயே அது சில விநாடிகள் தளர்ந்துவிடும். வயிறு நிறைந்து உப்பியிருந்தால் இன்னும் அடிக்கடி தளரும். அந்த இடைவெளியில்தான் அமிலம் மேலேறுகிறது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் சாப்பிட்ட பிறகு இது நடக்கத்தான் செய்கிறது.

பகலில் நடந்தால் உடம்பு சமாளித்துவிடும். நிமிர்ந்து இருப்பதால் ஏறிய அமிலம் தானாகக் கீழே இறங்குகிறது. நம்மை அறியாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு விழுங்கலும் உணவுக்குழாயை மேலிருந்து கீழே ஒருமுறை வழித்துவிடுகிறது. எச்சிலில் இருக்கும் பைகார்பனேட், ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச அமிலத்தை முறித்துவிடுகிறது. தூங்கும்போது இந்த மூன்று பாதுகாப்பும் போய்விடுகிறது. உடம்பு கிடையாக இருக்கிறது, எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது, விழுங்குவதும் அரிது. இரவில் அமிலம் ஏறும் தடவைகள் பகலைவிடக் குறைவுதான். ஆனால் ஏறினால் நெடுநேரம் அங்கேயே தங்கி, குழாயின் உட்சுவரை அரிக்கிறது. அதனால்தான் இரவுத் தொந்தரவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தலையணையை அடுக்குவது

கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். நானும் மூன்று தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படுத்தேன். தலை உயர்ந்தது, உடம்பு உயரவில்லை. கழுத்து முன்னால் வளைந்து, முதுகு சுருண்டு, இடுப்பில் மடிந்து கிடந்தேன். இப்படி மடியும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் அமிலம் மேல்நோக்கித்தான் போகும். காலையில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

உயர வேண்டியது தலை மட்டுமல்ல, நெஞ்சும் சேர்ந்து. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டைகளை வைத்தால், தலையிலிருந்து பாதம்வரை ஒரே சீரான சரிவு கிடைக்கும். கட்டையின் மேல்பக்கம் கட்டில் கால் உட்காரும்படி சிறிய குழி வெட்டிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் நழுவிவிடும். முதல் சில இரவுகள் கால்பக்கமாகச் சறுக்குவது போலவே இருக்கும். எனக்கு அது பழக ஒரு வாரம் ஆனது. கட்டிலை உயர்த்த முடியாதவர்கள், தரையில் படுப்பவர்கள் ஆப்பு வடிவச் சாய்வு மெத்தையை வாங்கிக்கொள்ளலாம். அது தோளில் தொடங்கினால் பயனில்லை. இடுப்புக்குச் சற்று மேலிருந்தே சரிவு தொடங்க வேண்டும்.

அப்புறம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறோம் என்பது. இதைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. இரைப்பையின் பெரிய பை உடம்பின் இடப்பக்கமாகச் சரிந்திருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் அந்தப் பையில் கீழே தேங்கும், உணவுக்குழாய் வந்து சேரும் வாய் மேலே இருக்கும். வலப்பக்கம் திரும்பினால் இது தலைகீழாகி, அந்த வாய் அமிலத்துக்குள்ளேயே மூழ்கிவிடும். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் செய்த ஓர் ஆய்வில், தூங்குபவர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்பதையும் உணவுக்குழாயில் அமிலம் இருப்பதையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். அமிலம் ஏறும் தடவைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இடப்பக்கம் படுத்தபோது ஏறிய அமிலம் மிக விரைவாக இறங்கிவிட்டது. செலவே இல்லாத வைத்தியம் இது. முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை அண்டக் கொடுத்தால் தூக்கத்தில் புரளாமல் இருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுவது

"படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்" என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டேன், பதினொன்றுக்குத்தான் படுக்கிறேன், அப்படியும் எரிகிறதே என்று நாமும் வருத்தப்படுகிறோம். நடுவில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பத்து மணிக்கு வாய் சும்மா இருக்காமல் கொறித்தது, அல்லது படுக்கும் முன் குடித்த ஒரு கோப்பை ஏதோ ஒன்று. கணக்கு அந்தக் கடைசி வாயிலிருந்துதான் தொடங்குகிறது. அதுபோல, சாப்பிட்டதும் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு போன் பார்ப்பதும் பாதி படுத்ததற்குச் சமம்தான்.

திட உணவு இரைப்பையைவிட்டு இறங்க சாதாரணமாக 3, 4 மணி நேரம் ஆகும். கொழுப்பு அதிகமென்றால் இன்னும் தாமதமாகும். சாப்பிட்ட பிறகு, உணவின் மேல்மட்டத்தில், உணவுக்குழாய் வாய்க்கு அருகிலேயே புதிதாகச் சுரந்த அமிலம் ஒரு படலமாகத் தேங்குகிறது. அந்த நேரத்தில் படுத்தால் அது குழாய்க்குள் வழிய அதிக நேரம் பிடிக்காது.

வேலை முடிந்து வரவே பத்து மணி ஆகிவிடுகிறது, நான் எப்படி மூன்று மணி நேரம் காத்திருப்பது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நியாயமான கேள்வி. அவர்கள் மாற்ற வேண்டியது அளவை. பெரிய சாப்பாட்டை மதியத்துக்கும் மாலைக்கும் நகர்த்திவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கொழுப்பில்லாத ஏதாவது கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பகல் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு இரவில் வயிறு முட்டச் சாப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். சாப்பிட்டதும் மெதுவாக நடப்பது நல்லது. குனிந்து நிமிரும் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். இறுக்கமான இடுப்புப் பட்டையையும் தளர்த்திவிடுங்கள்.

படுக்கைக்கு அருகில் வைத்திருக்கும் வைத்தியங்கள்

பால் குடித்தால் எரிச்சல் உடனே அடங்கும், உண்மைதான். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். பாலின் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இரவு பதினொன்றுக்கு அடங்கியது ஒரு மணிக்கு எழுப்பிவிடும்.

சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பது இன்னும் கவலைக்குரிய பழக்கம். அரை தேக்கரண்டியிலேயே 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் இவற்றில் பிரச்சினை உள்ளவர்கள் தொடவே கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு குடித்தால், திடீரென உண்டாகும் வாயு இரைப்பையையே கிழித்த சம்பவங்கள் அரிதாக நடந்திருக்கின்றன. அமிலக் குறைவால்தான் எரிகிறது என்று சொல்லி வினிகர் குடிக்கச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். புண்ணாகியிருக்கும் உணவுக்குழாயில் மேலும் அமிலத்தை ஊற்றுவதுதான் அது. புதினா இதமாக இருக்கும், ஆனால் அந்த வளையத் தசையைத் தளர்த்திவிடக்கூடியது. தூக்கம் வரட்டும் என்று அருந்தும் மதுவும், புகைக்கும் சிகரெட்டும் அதே தசையைத்தான் தளர்த்துகின்றன. சிகரெட் எச்சிலையும் குறைத்துவிடுகிறது.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஆன்ட்டாசிட் (அமிலத்தை முறிக்கும் மருந்து) வேகமாக வேலை செய்யும். ஆனால் வெறும் வயிற்றில் எடுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இரவு முழுவதும் அதை நம்பியிருக்க முடியாது. அல்ஜினேட் கலந்தவை சற்று வேறு மாதிரி: வயிற்றில் இருப்பதன் மேல் நுரைப்படலமாக மிதந்து, அமிலம் ஏறாமல் தடுக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் எடுக்க ஏற்றவை.

மாத்திரையை எப்போது போடுகிறோம்

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை நான் படுக்கப்போகும்போதுதான் போட்டுக்கொண்டிருந்தேன். தொந்தரவு இரவில்தானே, அப்போது போடுவதுதானே சரி என்று நினைத்தேன். வாரக்கணக்கில் வீணாகப் போட்டிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய 'பம்பு'கள் இருக்கின்றன. இந்த மருந்து, அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே நிறுத்தும். அவற்றை ஓட வைப்பது சாப்பாடு. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரம்தான் இருக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போட்டால்தான் இரண்டும் சந்திக்கும். வழக்கமாகக் காலை உணவுக்கு முன் கொடுப்பார்கள். இரவுத் தொந்தரவு முக்கியமாக இருந்தால் மருத்துவர் அதை இரவு உணவுக்கு முன் மாற்றித் தரலாம். ஒரு மாத்திரையில் பலன் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். முழுப் பலன் தெரிய சில நாட்கள் ஆகும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: மாதக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்துவது. அடக்கிவைத்த சுரப்பு அப்போது பழைய அளவைத் தாண்டி எகிறும். 2009-இல் டென்மார்க்கில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய பிறகு 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவுகள் வந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம்தான். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடியும் மாத்திரைக்கே போய்விடுவது இதனால்தான். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பதே பலருக்கு எளிது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபமோடிடின் வேறு வகை மருந்து. படுக்கும்போது எடுக்கலாம், ஆனால் தினமும் எடுத்தால் ஓரிரு வாரங்களிலேயே அதன் வீரியம் குறையத் தொடங்கும்.

வேறு நோய்களுக்காகச் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒருமுறை பாருங்கள். இபுப்ரோஃபன் போன்ற வலிமாத்திரை, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட் இவற்றை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அவை உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து இருங்கள். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் வளையத் தசையைத் தளர்த்தலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கமாத்திரையில் வேறோர் ஆபத்து. அமிலம் ஏறும்போது நம்மை விழிக்க வைப்பதே ஒரு பாதுகாப்பு. அதை மருந்தால் மழுங்கடித்தால், அமிலம் இன்னும் நேரம் தங்கும்.

உணவுப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காபி, சாக்லேட், தக்காளி, காரம், பொரித்தது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்காதீர்கள். இரண்டு வாரம் என்ன சாப்பிட்டேன், எப்போது, இரவு எப்படி இருந்தது என்று எழுதிவைத்தாலே உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது எதுவென்று தெரியும். உடல் எடை கூடுதலாக இருந்தால், அதைக் குறைப்பது எந்தப் பட்டியலையும்விட அதிகம் உதவும்.

எதையெல்லாம் அமிலம் என்று ஒதுக்கிவிடக் கூடாது

நெஞ்சில் அழுத்துவது போன்ற வலி, அதனுடன் வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் "கேஸ் தொந்தரவுதான்" என்று காத்திருக்கவே வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். விழுங்கும்போது உணவு அடைப்பது, விழுங்கினால் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, கறுப்பு மலம், இரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள், எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். எரிச்சலே இல்லாமல் இரவு இருமல், காலையில் கரகரத்த குரல், பல் எனாமல் தேய்வது என்றுகூட எதுக்களிப்பு வெளிப்படலாம். பலத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் சேர்ந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, இத்தனையும் செய்து, இன்றிரவு இரண்டு மணிக்கு மறுபடியும் விழித்துவிட்டால்? நேராக நிமிர்ந்து உட்காருங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல முறை விழுங்குங்கள். வழித்துவிடுவது அந்த விழுங்கல்தான். வாயைக் கொப்பளித்துவிடுங்கள், ஆனால் பல் துலக்க வேண்டாம், அமிலம் பட்ட எனாமல் மென்மையாக இருக்கும். அரை மணி நேரமாவது போகட்டும். மருத்துவர் அனுமதித்த ஆன்ட்டாசிட் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, இடப்பக்கம் திரும்பிப் படுங்கள்.