எக்கோ சவுண்டர் ஆழத்தைக் குறைத்துக் காட்டியபோது

முதுகலை ப்ராஜெக்டுக்காக மண்டபத்தின் தெற்குக் கரையில், மன்னார் வளைகுடாப் பக்கம், நாட்டுப் படகில் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி, அது கடலடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் கருவி) கட்டிக் கடலடி அளந்தேன். ஆழம் நம்பும்படியாகவே வந்தது. படகுக்கார அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) அளந்துவிட்டு, “தம்பி, உங்க மெஷின் கம்மியா காட்டுது” என்றார்.

சரி, சோதித்துவிடலாம் என்று, கச்சான் காற்று (மேற்குப் பக்கக் காற்று) எழும்புமுன் ஒரு இரும்புத் தகட்டைச் சென்சாருக்கு நேர் கீழே 5 மீட்டரில் தொங்கவிட்டோம். திரையில் 4.85.

கருவி நீரில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 1500 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. அது குளிர்ந்த கடலுக்குச் சரி. 30 டிகிரி வெப்பமும் 35 உப்புத்தன்மையும் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) உள்ள நம் கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1545 மீட்டர் ஓடும். வித்தியாசம் 3 சதவீதம். 10 மீட்டர் ஆழத்தில் 30 சென்டிமீட்டர் போய்விடும். மெனுவில் 1545 என்று மாற்றியதும் தகடு 5 மீட்டரில் வந்து நின்றது.

பழைய தரவைத் தூக்கிப் போடவில்லை. சென்சாருக்குக் கீழுள்ள ஆழத்தை மட்டும் 1.03ஆல் பெருக்கி, அப்புறம்தான் சென்சார் நீரில் மூழ்கியிருந்த அளவைக் கூட்டினேன். இந்த வரிசை முக்கியம். கூட்டிவிட்டுப் பெருக்கினால் அந்த அளவும் சேர்ந்து வீங்கும்.

அளந்த கோடுகளைக் குறுக்கே வெட்டி மறுபடி அளந்த ஓட்டங்களில் மிச்சமிருந்த பிசகு ஓதத்தால், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதால், வந்தது. ஜெட்டித் தூணில் அளவுகோல் கட்டி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்க ஜூனியர் ஒருவனை உட்கார வைத்தேன். வெயிலில் என்னைத் திட்டிக்கொண்டேதான் குறித்தான். ஆனால் அந்தக் கணக்கை வைத்து ஆழத்தைத் திருத்தியதும் கோடுகள் பொருந்தின.