ஸ்னாப்ஷாட் எடுத்தால் கெர்னல் சாய்கிறதா? ஆரம்பநிலையினருக்கான புகார் செய்முறை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இறால் கம்பெனி, ஐஸ் கம்பெனிக் கணக்குகளை லினக்ஸ் கணினியில் வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) தரும் ஸ்னாப்ஷாட் பெரிய உதவி. டிஸ்கின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு மாறுகிற பகுதிகளின் பழைய பிரதியை மட்டும் தனி இடத்தில் சேர்த்துவைக்கும். ஒரு பக்கம் பில் ஓடட்டும், மறுபக்கம் பேக்கப் எடுக்கலாம்.

சிக்கல், ஸ்னாப்ஷாட்டை உருவாக்கும்போதோ நீக்கும்போதோ எப்போதாவது ஒருமுறை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே சாய்வதுதான், அதாவது கிராஷ் ஆவதுதான். தேடிப் பார்த்தால் பல வருஷத்துக்கு முன்பே யாரோ இதே மாதிரி ஒன்றை எழுதியிருப்பார். அது இன்னும் திறந்தே கிடக்கும்.

ஏன் கிடக்கிறது? பழைய வெர்ஷனில் ஓடியதைப் புதிய வெர்ஷன் கெடுக்கக் கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக வைத்திருக்கும் விதி. அப்படிக் கெட்டால் உடனே ஆள் பார்ப்பார்கள். ஆதியிலிருந்தே இருக்கும் பிழைக்கு அந்த அவசரம் கிடையாது. எந்த மாற்றத்தால் வந்தது என்று கண்டுபிடிக்கும் கிட் பைசெக்டும் உதவாது. அதற்கு 'நன்றாக ஓடிய வெர்ஷன்' ஒன்று வேண்டும். வேறு இயங்குதளங்களிலும் இதே கதைதான். ஃப்ரீபிஎஸ்டி 9.0 பதிப்பில், 2012ல், வந்த ஜர்னல் வசதியுடன் அதன் கோப்பு முறைமையான யூஎஃப்எஸ்ஸின் ஸ்னாப்ஷாட் ஒத்துப்போகவில்லை. இரண்டும் சேர்ந்து ஓட 2023ல் வந்த 13.2 வரை ஆனது.

ஆகவே பழைய பிழைக்கு உங்கள் புகாரில் உயிர்நாடி ஒன்றே ஒன்று: எங்கோ உட்கார்ந்திருக்கும் டெவலப்பர் தன் கணினியிலும் அதே பேனிக்கை (கெர்னல் அடியோடு நின்றுபோவதை) வரவழைக்கக்கூடிய செய்முறை. கீழே உள்ளதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: குற்றவாளி கெர்னல்தானா?

எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். அது பிழை அல்ல, அதன் இயல்பு. 'எல்விஎஸ்' கட்டளையில் எத்தனை சதவீதம் நிரம்பியது என்று தெரியும். லாகில் (கெர்னல் எழுதும் பதிவுகளில்) '120 விநாடிக்கு மேல் முடங்கியது' என்று வந்தால் அது தொங்கல். அதையும் புகார் செய்யலாம், ஆனால் கிராஷ் என்று எழுதாதீர்கள். ஊப்ஸ் என்று வந்தால் கெர்னல் அடிவாங்கியும் பெரும்பாலும் தொடர்ந்து ஓடுகிறது. பேனிக் என்றால் நின்றே விட்டது.

அடுத்து ஹார்டுவேர். நம் கடற்கரையில் இதைத் தாண்டிப் போகவே கூடாது. உப்புக்காற்று ரேம் முனைகளிலும் சாட்டா இணைப்பிலும் பச்சை பூக்க வைக்கிறது, ஜெனரேட்டர் மாற்றும்போது மின்னழுத்தம் குதிக்கிறது. மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு முழுக்க ஓடட்டும். 'ஸ்மார்ட்சிடிஎல்' கொண்டு டிஸ்கின் நலம் பாருங்கள். ரேம் பழுதைக் கெர்னல் தலையில் கட்டினால் டெவலப்பரின் நேரம் வீண். அடுத்த முறை நீங்கள் எழுதும்போதும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

படி 2: கெர்னல் கலப்படம் இல்லாமல் இருக்கிறதா?

'/ப்ராக்/சிஸ்/கெர்னல்/டெயின்டட்' கோப்பைத் திறந்து பாருங்கள். 0 இருந்தால் நல்லது. வேறு எண் இருந்தால், பெரும்பாலும் என்விடியா டிரைவர் மாதிரி வெளி மாட்யூல் ஏறியிருக்கும். அதில்லாமல் பூட் செய்து மறுபடி முயலுங்கள்.

படி 3: கிராஷைப் பிடித்து வைப்பது

மற்ற கிராஷ்களில் மறுபூட் செய்து 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் போன பூட்டின் லாகைப் பார்த்தால் ஏதாவது கிடைக்கும். இங்கே சாய்ந்ததே டிஸ்க் அடுக்கு. கடைசி வரிகள் டிஸ்குக்கு வந்து சேர்ந்திருக்காது. வேண்டியதும் அந்தக் கடைசி வரிகள்தான்.

முதல் வழி கேடம்ப். உபுண்டுவில் 'லினக்ஸ்-கிராஷ்டம்ப்' தொகுப்பை நிறுவி மறுபூட் செய்தால், கொஞ்சம் மெமரியை ஒதுக்கி அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்திருக்கும். முதல் கெர்னல் சாய்ந்ததும் இது எழுந்து மெமரியை '/வார்/கிராஷ்' அடைவில் சேமிக்கும். கூடவே லாக் வரிகள் தனி உரைக்கோப்பாக இருக்கும். புகாருக்கு அதுவே பெரும்பாலும் போதும். வேலை செய்கிறதா என்று பார்க்க, ரூட்டாக '/ப்ராக்/சிஸ்ரிக்-ட்ரிகர்' கோப்பில் சி என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தை எழுதுங்கள். கணினி அந்த நொடியே சாயும். அதனால் படகு கரை வந்து எடை போடும் நாளில் இதைச் செய்தால் கணக்குப்பிள்ளை உங்களை விடமாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் இதற்கு உகந்தது.

இரண்டாவது வழி நெட்கன்சோல். லாக் வரிகளை டிஸ்க் பக்கமே போகாமல் வயர் நெட்வொர்க் வழியாகப் பக்கத்து லேப்டாப்புக்கு யூடிபியில் அனுப்பும். வைஃபையை நம்பாதீர்கள். எதுவும் முடியாவிட்டால் திரையைப் போனில் படமெடுங்கள். அதில் தொடக்க வரிகள் மேலே ஓடிப்போயிருக்கும் என்பது குறை.

மெமரி டம்ப் கோப்பில் கடவுச்சொல், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் இருக்கும். அதை எங்கும் பொதுவில் ஏற்றாதீர்கள்.

படி 4: திரும்ப வரவழைப்பது

கம்பெனிக் கணினியில் வேண்டாம். க்யூஈஎம்யூ மெய்நிகர் கணினி ஒன்றில், கெர்னல் டாட் ஆர்கில் கிடைக்கும் புதிய மெயின்லைன் கெர்னலை (டிஸ்ட்ரோக்கள் மாற்றம் செய்யாத மூலக் கெர்னலை) போடுங்கள். 1 ஜிபி அளவில் காலிக் கோப்பு உருவாக்கி, 'லூசெட்அப்' மூலம் அதை டிஸ்க் போலக் காட்டி, அதன் மேல் எல்விஎம்மின் வால்யூம் குரூப், அதற்குள் ஒரு வால்யூம் உருவாக்குங்கள். இனி ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட்: ஸ்னாப்ஷாட் எடு, நீக்கு, மறுபடி எடு. அதே நேரம் இன்னொரு டெர்மினலில் டிஸ்குக்குச் சுமை தரும் 'ஃபியோ' கருவி கொண்டு மூல வால்யூமில் விடாமல் எழுதிக்கொண்டே இருங்கள்.

எழுதுவதை விட்டுவிட்டு ஸ்னாப்ஷாட்டை மட்டும் எடுத்து நீக்கினால் விடிய விடிய ஒன்றும் நடக்காமல் போகலாம். இத்தகைய கிராஷ் பெரும்பாலும் இரண்டு வேலைகள் ஒரே கணத்தில் ஒரே இடத்தைத் தொடுவதால் வருவது. ஒரு வாசலில் ஒருவர் நுழைய ஒருவர் வெளியேற முட்டிக்கொள்வது போல. ஆள் நடமாட்டம் இருந்தால்தான் முட்டும். அதனால் மெய்நிகர் கணினிக்கு ஒரு சிபியு போதாது, குறைந்தது நான்கு கொடுங்கள்.

கிராஷ் வந்ததும் ஸ்கிரிப்டைச் சுருக்கத் தொடங்குங்கள். ஒரு வரியை எடுத்த பிறகும் சாய்கிறதா? அந்த வரி தேவையில்லை. பத்து வரி ஸ்கிரிப்ட் நூறு வரி விளக்கத்தை விட மதிப்புள்ளது. மெயின்லைனில் வரவே இல்லையென்றால் ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்கள் என்று பொருள் கொள்ளலாம். அப்போது உங்கள் டிஸ்ட்ரோவிடம் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளரிடம்) மட்டும் சொன்னால் போதும். உபுண்டுவுக்கு 'உபுண்டு-பக் லினக்ஸ்', டெபியனுக்கு 'ரிபோர்ட்பக்'.

படி 5: எழுதி அனுப்புவது

கெர்னல் மூலக்கோப்புகளில் 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு கோப்பு உண்டு. எல்விஎம் ஸ்னாப்ஷாட் 'டிவைஸ் மேப்பர்' தலைப்பில் வரும், ஸ்னாப்ஷாட் வசதியுள்ள இன்னொரு கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ் தனித் தலைப்பு. அங்குள்ள முகவரிக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இலக்கணத்தை யாரும் திருத்த மாட்டார்கள். வெற்று உரையாக அனுப்புங்கள். போன் ஜிமெயில் செயலி எச்டிஎம்எல் சேர்த்துவிடும், அது திரும்பி வந்துவிடலாம்.

தலைப்பிலேயே நிலைமை தெரியட்டும். 'உதவி தேவை, அவசரம்' என்று போடாமல், 'டிஎம்-ஸ்னாப்ஷாட்: எழுத்து நடக்கும்போது நீக்கினால் பேனிக்' என்கிற ரீதியில். உள்ளே கெர்னல் வெர்ஷன், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, ஸ்கிரிப்ட், முழு கால் ட்ரேஸ் (சாயும்போது கெர்னல் எந்தெந்த வேலைகளின் வழியே அங்கு வந்தது என்று லாகில் வரும் பட்டியல்). ட்ரேஸைக் கத்தரிக்காதீர்கள், உங்களுக்குக் குப்பையாகத் தெரியும் வரியில்தான் டெவலப்பருக்குத் துப்பு இருக்கும். பழைய புகார் ஏற்கெனவே இருந்தால் அதைக் குறிப்பிட்டு, அதில் இல்லாத எது உங்களிடம் இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். 'எனக்கும் இதே பிரச்சினை' என்பது மட்டும் யாருக்கும் பயன்படாது.

இரண்டு மூன்று வாரம் பதில் இல்லாவிட்டால் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். பதிலோடு பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) வந்தால் அதைச் சேர்த்துக் கெர்னலை பில்ட் செய்து, அதே ஸ்கிரிப்டை நீண்ட நேரம் ஓடவிட்டு, சாய்ந்ததா இல்லையா என்று எழுதுங்கள். சாயவில்லையென்றால் பேட்சைச் சோதித்தவரைக் குறிக்கும் 'டெஸ்டட்-பை' வரியில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சம்மதம் என்றும் அந்தப் பதிலிலேயே சொல்லிவிடுங்கள்.