பாட்டுப் பதிவுக்கு எந்த மென்பொருள்? காசு கொடுக்கும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டியவை

கணினியில் இசை செய்ய எது நல்லது என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர் வரும். அவரவர் கைக்குப் பழகியதைத்தான் அவரவர் சொல்வார்கள். ஒலித் தரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரே வேவ் கோப்பை (சுருக்காத ஒலிக் கோப்பு), எஃபெக்ட் (ஒலியை மாற்றும் கருவி) எதுவும் போடாமல், நாலு மென்பொருளில் ஓட்டி வெளியே எடுத்தால் வருவது ஒரே ஒலிதான். மாறுவது வேலை செய்யும் விதம். அதனால் உங்கள் வேலை என்ன என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே பதிவான ஒன்றை (கோயில் கச்சேரி, பட்டிமன்றம், பாட்டு வகுப்பு) வெட்டி, இரைச்சலைக் குறைத்து, எம்பி3 ஆக்குவது மட்டும்தான் வேலை என்றால் ஆடாசிட்டி போதும். முற்றிலும் இலவசம். 3.2 பதிப்பிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃபெக்ட்டை மாற்றிக் கேட்கும் வசதியும் வந்துவிட்டது. இரைச்சல் நீக்கும்போது, யாரும் பேசாத ஒன்றிரண்டு நொடியைத் தேர்ந்து மாதிரியாகக் கொடுத்து, குறைப்பை 6 முதல் 12 டெசிபலுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மின்விசிறிச் சத்தம் போகும். குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். கீபோர்டு வாசித்து மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்தச் சுரத்தை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பாக) பதிவு செய்ய ஆடாசிட்டி உதவாது.

பீட் (தாள அடி) கட்டி, அதன்மேல் அடுக்கிக்கொண்டே போகும் வேலைக்கு எஃப்எல் ஸ்டூடியோவும் ஏபிள்டன் லைவும் தோதானவை. எஃப்எல்லில் ஒரு பொறி இருக்கிறது. அதன் மிக மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் குரலைப் பதிவு செய்து டிராக்கில் (தனி ஒலி வரிசை) போட முடியாது. பாடப்போகிறீர்கள் என்றால் குறைந்தது புரொட்யூசர் பதிப்பு வேண்டும். இலவச சோதனைப் பதிப்புக்குக் கால வரம்பு இல்லை, சேமிக்கவும் செய்யும். ஆனால் சேமித்ததைத் திரும்பத் திறக்கப் பணம் கட்ட வேண்டும். ஒரு முறை வாங்கிவிட்டால் பிற்காலப் பதிப்புகள் எல்லாம் இலவசம் என்பது அதன் பெரிய பலம்.

குரல், வயலின், மிருதங்கம் எனத் தனித்தனி டிராக்கில் பதிந்து மிக்ஸ் செய்வதுதான் (அளவு பார்த்துக் கலப்பது) நோக்கமா? விண்டோஸ் அல்லது லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ரீப்பரிலிருந்து தொடங்கலாம். 60 நாள் முழு வசதியோடு ஓடும். அதன்பின் தனிநபருக்கும், ஆண்டு வருவாய் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் உரிமம் 60 டாலர்; மற்றவர்களுக்கு 225. அதன் குறை, உள்ளே வாத்தியங்கள் கிட்டத்தட்ட இல்லை. பியானோ, ஸ்டிரிங்ஸ் எல்லாம் வெளியிலிருந்து பிளகினாக (மென்பொருளுக்குள் பொருத்தும் துணை நிரல்) சேர்க்க வேண்டும். மேக் வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்: இலவச கராஜ்பேண்டில் ஆரம்பித்து, போதாதபோது லாஜிக் புரோவுக்குப் போகலாம், பழைய கோப்புகள் அங்கே அப்படியே திறக்கும். இந்த இரண்டும் ஏயூ வகைப் பிளகின்களை மட்டுமே ஏற்கும், இன்னொரு வகையான விஎஸ்டியை வாங்கிவிட்டு முழிக்கக் கூடாது. புரோ டூல்ஸின் இலவச இன்ட்ரோ பதிப்பில் ஆடியோ டிராக் 8 தான். மிருதங்கத்துக்கு இரண்டு, தம்புரா, வயலின், கடம், குரல் என்று வைத்தாலே ஆறு போய்விடும்.

தாமதத்தை அளந்து பாருங்கள்

மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்த்தும் திருப்தி வராததற்குப் பாதிக் காரணம் மென்பொருளே அல்ல, சவுண்ட் டிரைவர் (கணினியையும் ஒலிக் கருவியையும் இணைக்கும் நிரல்). நீங்கள் பாடுவது மைக் வழியாக உள்ளே போய், ஹெட்போனில் திரும்பி வரும்வரை ஆகும் நேரம்தான் லேட்டன்சி. பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்கு) 1024 சாம்பிள், சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை சாம்பிள்) 48,000 என்றால் உள்ளே போக 21 மில்லிசெகண்ட், வெளியே வர 21. தன் குரலே தனக்குப் பிந்தி வந்தால் எவருக்கும் தாளம் இழுக்கும். 128 சாம்பிளில் அதே கணக்கு ஒரு பக்கத்துக்கு 2.7 தான். டிரைவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் 10-க்குள் இருந்தால் நிம்மதியாகப் பாடலாம்.

விண்டோஸில் இவ்வளவு கீழே இறங்க ஏசியோ (ASIO) எனும் தாமதம் குறைந்த டிரைவர் வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கும்போது அந்த நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவர் உண்டா என்று பாருங்கள். சொந்த டிரைவர் இல்லாத கருவிக்குப் போடும் ஏசியோ4ஆல் ஒரு ஒட்டுவேலைதான், அவசரத்துக்கு உதவும். ஆடாசிட்டி 3 வரிசையின் விண்டோஸ் வெளியீட்டில் ஏசியோ இல்லை, அதில் முன்பு பதிந்ததைக் கேட்டபடி அதன்மேல் பாடிப் பதிவது சிரமமாவதற்கு அதுதான் காரணம். ப்ளூடூத் ஹெட்போனோடு பதிவுக்கு உட்காரவே வேண்டாம். எந்த மென்பொருளாலும் அந்தத் தாமதத்தைச் சரிசெய்ய முடியாது.

பதியும்போது பஃபரைக் குறைத்து, மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிவிடுங்கள். குறைவாகவே விட்டால் பிளகின் கூடக்கூட ‘டிக் டிக்’ என்று வெடிக்கும். பதிவு கெட்டுப்போகவில்லை, கணினியின் சிபியூ தடுமாறுகிறது, அவ்வளவுதான்.

ஒரு பல்லவியை வைத்துச் சோதியுங்கள்

வசதிப் பட்டியலைப் படித்து எதுவும் தெரியாது. இரண்டு மென்பொருளின் சோதனைப் பதிப்பை இறக்கி, இரண்டிலும் இதையே செய்யுங்கள்.

புதிய கோப்பில் 48,000, 24 பிட் என்று வையுங்கள். இன்டர்ஃபேஸிலும் அதே எண் இருக்க வேண்டும். 48,000-இல் பதிந்தது 44,100-இல் ஓடினால் வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும்: 5 கட்டைப் பாட்டு 4-க்கும் 4½-க்கும் நடுவில் போய் விழும். பெரும்பாலான மென்பொருள் தானாக மாற்றிக்கொள்ளும். மாற்றுகிறதா என்று சோதிக்கும்போதே பார்த்துவிடலாம். வட்டில் இடம்: இந்த அமைப்பில் ஒரு மோனோ டிராக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 8.6 மெகாபைட்.

ஒரு டிராக்கில் தம்புரா. இன்னொன்றில் மெட்ரோனோமைக் கேட்டபடி பல்லவியை மூன்று தடவை பாடுங்கள், ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். மூன்றிலும் நல்ல அடிகளை எடுத்து ஒன்றாகக் கோத்துவிடுங்கள். பாட்டுப் பதிவில் அதிக நேரம் தின்னும் வேலை இதுதான். ஒட்டுமிடத்தில் ‘டக்’ என்று கேட்டால் சின்ன கிராஸ்ஃபேட் (ஒன்று தேய, மற்றது எழும் இணைப்பு) போட வேண்டும். அது தானாக விழுகிறதா, ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டியிருக்கிறதா? பிறகு குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கொஞ்சம் ரிவர்ப் (அறை எதிரொலி) சேர்த்து, வேவாக வெளியே எடுங்கள். எதில் உதவிப் பக்கத்தைக் குறைவாகத் தேடினீர்களோ அது உங்களுக்கு ஒத்துவரும்.

தாளத்தையும் மாற்றிப் பாருங்கள். ஆதி தாளம் எதிலும் சரியாக வரும், 4/4 (நாலு தட்டுக் கட்டம்) இரண்டு பார் ஓடினால் முடிந்தது. மிச்ர சாபுக்கு 7/8 என்று வைத்தால் சிலவற்றில் மெட்ரோனோம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தட்டும்; டெம்போ எண் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) எதை எண்ணுகிறது என்பதில் வரும் குழப்பம் அது. 7/4 என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. அழுத்தம் முதல் தட்டில் மட்டும்தான் விழுமா, 3+2+2 என்று பிரித்து விழவைக்க முடியுமா என்பதையும் கவனியுங்கள். விருத்தமோ ஆலாபனையோ பதிபவர்கள் அந்த டிராக்கை டெம்போவோடு கட்டாமல் கடிகார நேரத்தோடு கட்டும் அமைப்பைத் தேடி வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் டெம்போவைத் தொட்டதும் பாடியது எல்லாம் இடம் மாறி நிற்கும்.

கமகம் தாங்குமா?

நம் இசைக்கு மென்பொருள் தேர்வின் உண்மையான சோதனை இங்கேதான். சுருதி திருத்தும் தானியங்கிக் கருவிகள் குரலை அருகிலுள்ள அரைச்சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்தின் பக்கமும் மத்யமத்தின் பக்கமும் அசைந்துகொண்டே இருக்கும். திருத்தும் வேகத்தைக் கூட்டி அதன்மேல் போட்டால் படிக்கட்டில் உருளும் டப்பா சத்தம்தான் மிஞ்சும். வேண்டியது, ஒரு சுரத்தை மட்டும் தேர்ந்து, அதன் அசைவைத் தொடாமல் மொத்தமாக மேலே கீழே நகர்த்தும் கைவழிக் கருவி. லாஜிக்கில் ஃப்ளெக்ஸ் பிட்ச், கியூபேஸ் புரோவில் வேரிஆடியோ. ரீப்பரில் மெலோடைனைத் தனியாக வாங்கி உள்ளே இணைக்கலாம். கராஜ்பேண்டில் இப்படித் தனிச் சுரத்தைத் திருத்த வழியில்லை.

கீபோர்டில் வீணை, நாதஸ்வரம் வாசிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிட்ச் சக்கரத்தைத் திருப்பினால் மிடியில் பதிவாவது அது எவ்வளவு திரும்பியது என்பது மட்டுமே. எத்தனை சுரம் நகர வேண்டும் என்பதை வாத்தியப் பிளகின்தான் முடிவு செய்கிறது. வழக்கமான அளவு இரண்டு அரைச்சுரம். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுக்க அது பற்றாது. 12-க்கு மாற்றலாம், ஆனால் வாசிக்கும் முன்பே மாற்றுங்கள். 2-இல் வாசித்துவிட்டுப் பிறகு 12 ஆக்கினால் எல்லா இழுப்பும் ஆறு மடங்காகிவிடும். வாத்தியத்தை மாற்றும்போதும் இதே கதை.

ஹார்மோனியத்தோடு பதிபவர்கள், கோப்பு முழுவதற்கும் சுருதியைச் சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்தும் வசதி உண்டா என்று பாருங்கள். மென்பொருளின் வழக்கமான 440 ஹெர்ட்ஸ் அளவில் ஹார்மோனியம் துல்லியமாக நிற்பது அபூர்வம்.

கிராக் பதிப்புகள் பற்றி ஒரு வார்த்தை. ஒழுக்கம் ஒருபக்கம் இருக்கட்டும். வைரஸோடு வரும், விண்டோஸ் அப்டேட் ஒன்றில் படுத்துவிடும், பாதி முடிந்த பாட்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இலவசமாகவும் 60 டாலருக்கும் இவ்வளவு கிடைக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

எதை எடுத்தாலும், ஒரு மென்பொருளின் கோப்பு இன்னொன்றில் பொதுவாகத் திறக்காது. வெளியூர் வயலின்காரருக்கோ மிக்ஸ் செய்பவருக்கோ அனுப்ப, ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவாக எடுக்க வேண்டும். பாட்டு எங்கே தொடங்கினாலும் எல்லாம் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்கட்டும், அப்போதுதான் மறுமுனையில் வரிசையாகப் போட்டதும் சேரும். குரலில் போட்ட ரிவர்பைக் கழற்றிவிட்டு ஒன்று, போட்டபடி ஒன்று என இரண்டாகக் கொடுங்கள். கோப்புப் பெயரிலேயே கட்டை, டெம்போ, தாளம் மூன்றையும் எழுதிவிட்டால் பாதி ஃபோன் அழைப்பு மிச்சம்.