மைலேஜ் குறைந்தால் எஞ்சினை மட்டும் சந்தேகிக்காதீர்கள்

நெடுஞ்சாலைப் பயணத்தில் மைலேஜ் குறைந்துவிட்டால் பலரும் எஞ்சினையோ பெட்ரோலின் தரத்தையோதான் முதலில் சந்தேகிக்கிறார்கள். ஆனால் சமதளச் சாலையில் ஒரே சீராக ஓடும் காரை முக்கியமாகத் தடுப்பவை இரண்டே: உருளும்போது டயர் நசுங்குவதால் எழும் உருளல் தடையும், காரைப் பின்னுக்குத் தள்ளும் காற்றின் இழுவையும். எது எப்போது மேலோங்கும் என்று அறியாததிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் அதன் உருளல் தடை ஏறத்தாழ 140 நியூட்டன். வேகம் கூடினாலும் அது அதிகம் மாறுவதில்லை. காற்றின் இழுவையோ மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 50 நியூட்டன் அளவில் தொடங்கி, 70 கி.மீ. வாக்கில் உருளல் தடையை எட்டிப்பிடித்து, 100 கி.மீ. வேகத்தில் 300 நியூட்டனைத் தாண்டிவிடுகிறது. இழுவை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதே காரணம். எனவே 80-க்கும் 100-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று எண்ணுவதே முதல் தவறு. டயரின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சக்கரங்கள் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

ஊருக்குப் போய்வந்த பிறகும் வெறும் கேரியரைக் கூரையிலேயே விட்டுவைப்பதும் இதே வகைதான். நகருக்குள் அதனால் பெரிய நட்டமில்லை. நெடுஞ்சாலையில்தான் அது எரிபொருளைத் தின்கிறது.

டயர் விஷயத்தில் நடக்கும் தவறுகள் நுட்பமானவை. நீண்ட தூரம் ஓடி நின்ற காரின் டயரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி மீள்வதால் உண்டாகும் அந்தச் சூடு, நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலிலிருந்து வந்ததுதான். காற்று குறையக் குறைய நசுங்கலும் கூடும், சூடும் கூடும். அந்தச் சூட்டோடு பங்க்கில் காற்றழுத்தம் பார்த்து, நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுவது நான் அடிக்கடி காணும் தவறு. டயர் ஆறியதும் அழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே போய்விடும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்ப்பதே சரியான அளவைத் தரும்.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் காற்றழுத்த அளவு உச்ச வரம்பு. அதுவரை காற்றடித்தால் மைலேஜ் சற்றுக் கூடினாலும் சாலையில் டயர் பதியும் பரப்பு குறைந்து பிடிப்பு கெடும். நமக்கு வேண்டிய அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. முழுச் சுமைக்கான அளவும் பெரும்பாலும் அதிலேயே தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்.