ஏழு நிமிடம் திறந்திருந்த ஷட்டர்: கண்ணாடி வீட்டை இரவில் படமெடுக்கப் பழகுவோம்

1960 மே 9 இரவு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு மேலே, ஹாலிவுட் குன்றின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு கண்ணாடி அறை. உள்ளே இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே நகரத்தின் விளக்குகள் கோடு கோடாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போகின்றன. புகைப்படக் கலைஞர் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கட்டடக் கலைஞர் பியர் கோனிக் வடிவமைத்த அந்த வீட்டின் பெயர் ஸ்டால் ஹவுஸ். கேஸ் ஸ்டடி ஹவுஸ் 22 என்றும் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் வீட்டுத் தட்டுப்பாடு. இரும்பு, கண்ணாடி, தட்டையான கூரை, குறைவான சுவர் என்று எளிமையான வீடுகளைக் கட்டிக் காட்டுவோம் என்று 1945-ல் 'கேஸ் ஸ்டடி ஹவுஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார் ஜான் என்டென்சா. 'ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்' பத்திரிகையின் ஆசிரியர் அவர். திட்டம் 1966 வரை நடந்தது. இன்று மிட்செஞ்சுரி மாடர்ன் (இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி நவீன பாணி) என்றதும் நம் மனதில் வரும் உருவத்தில் பெரும்பங்கு அந்த வீடுகளுடையது. ஆனால் அவற்றுக்குள் கால் வைத்தவர்கள் எத்தனை பேர்? நமக்கெல்லாம் அவை படமாகத்தான் வந்து சேர்ந்தன. அதனால்தான் அந்தப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பதைக் கையால் செய்து பார்ப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

தேவையானவை: ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) திறந்திருக்கும் நேரத்தை நாமே வைக்கக்கூடிய கேமரா (எல்லாவற்றையும் கையால் மாற்றும் ப்ரோ மோட் உள்ள போனும் போதும்), ஆடாத ட்ரைபாட் (மூன்று கால் தாங்கி), ஸ்விட்ச் போட ஒரு துணை ஆள்.

படி 1: படத்தில் எத்தனை வெளிச்சம் என்று எண்ணுங்கள்

எந்த விளக்கையும் தொடுவதற்கு முன் ஷுல்மன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே நகரத்து விளக்குகள் மங்கலானவை. அறைக்குள் இருக்கும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு அதிகம். நகரம் தெரியும் அளவுக்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் அறை வெளுத்துப்போகும். அறைக்கு ஏற்றபடி வைத்தால் நகரம் இருட்டாகிவிடும். இரண்டும் ஒரே படத்தில் எப்படி வந்தன?

தனித்தனியாக வந்தன, அதுதான் விஷயம். ஷுல்மன் முதலில் வீட்டு விளக்குகளை அணைத்தார். ஏழு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து நகரத்து விளக்குகளை ஃபிலிமில் சேர்த்தார். அறையில் தொங்கிய உருண்டை விளக்குகளுக்குள் சாதாரண பல்புக்குப் பதிலாக ஃபிளாஷ் பல்புகளை முன்பே மாட்டியிருந்தார்கள். கடைசியில் அவை ஒரு கணம் மின்னின. அறையும் பெண்களும் அந்த மின்னலில்தான் பதிந்தார்கள். பார்க்கும்போது ஒரு கணம் போலத் தெரிகிறது, உள்ளே இருப்பது ஏழு நிமிடம்.

படி 2: இடம்

குன்றும் நீச்சல் குளமும் வேண்டாம். கண்ணாடிக் கதவு உள்ள பால்கனி நல்ல இடம். பால்கனியின் ஒரு மூலையில் நின்றால் ஒரு பக்கம் அறை, மறுபக்கம் தெரு. ஷுல்மனும் அறைக்கு வெளியே நின்றுதான் எடுத்தார். உங்களுக்குப் பின்னால் எரியும் விளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் நீங்கள்தான் தெரிவீர்கள். கருப்புச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

படி 3: நிற்கும் கோடுகள் நேராக நிற்கட்டும்

இதில் அவசரப்படாதீர்கள். கேமராவை அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்தால் தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். இரும்புத் தூணையும் கூரைக் கோட்டையும் நம்பி நிற்கிற ஒரு வீட்டுக்கு அது பெரிய அநியாயம். ஷுல்மன் வைத்திருந்தது 4-க்கு 5 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமரா. அதில் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே ஏற்றலாம். நம்மிடம் அது இல்லை, ஆனாலும் வழி இருக்கிறது. கேமராவை மட்டமாக வையுங்கள். கூரை வெட்டுப்பட்டால் சாய்க்காமல் இரண்டு அடி பின்னால் போங்கள். கீழே தேவையில்லாத தரை நிறைய வரும், அதை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

படி 4: நேரம்

சூரியன் மறைந்து வானம் அடர் நீலமாகும்போது தொடங்குங்கள். கலிபோர்னியாவைவிட நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், சுமார் இருபது நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே ஃபிரேமை (படத்துக்குள் எது வரும் என்பதை) பகல் வெளிச்சத்திலேயே முடிவு செய்து, ட்ரைபாட் கால் இருக்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

படி 5: இரண்டு வெளிச்சத்தையும் சேர்ப்பது

ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8. போனில் துளையை மாற்ற முடியாவிட்டால் இருப்பது போலவே விடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, தெரு சரியாகத் தெரியும்வரை ஷட்டர் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நன்றாக இருட்டியபின் 30 நொடியில் நிற்கலாம். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அதே நேரத்துக்கு மறுபடி ஷட்டரைத் திறந்து, முடியப் போகும்போது "போடு!" என்று குரல் கொடுங்கள். துணை ஆள் விளக்கைப் போட்டு உடனே அணைக்க வேண்டும்.

நான் முதல் தடவை செய்தபோது என் தங்கை ஸ்விட்ச் பக்கத்தில் நின்றாள். ஐந்து நொடி எரியவிட்டோம், சோபா முழுக்க வெள்ளையாகிவிட்டது. அடுத்து இரண்டு நொடி. அப்புறம், அவள் போட்ட வேகத்திலேயே அணைத்த ஒரு முறை, மேசை மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு வரை தெளிவாக வந்தது. வெளியே தெருவிளக்கும் அப்படியே இருந்தது. கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்த இடத்திலேயே நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். 1960-ல் ஷுல்மனுக்கு இந்தத் திரைகூடக் கிடையாது. ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை படம் சரியாக வந்ததா என்று உறுதியாகத் தெரியாது.

கைக்கணக்கு சரிவரவில்லையா? கேமராவை அசைக்காமல், தெருவுக்கு ஒன்று, விளக்கு போட்ட அறைக்கு ஒன்று என இரண்டு படம் எடுங்கள். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக லேயர் (அடுக்கு) வைத்து, மேல் லேயரின் மோடை 'லைட்டன் ஒன்லி' என்று மாற்றினால் போதும்.

படி 6: ஆட்களை உட்கார வையுங்கள்

காலி வீட்டை ஷுல்மன் அவ்வளவாக விரும்பியதில்லை. மனிதர்கள் இருந்தால் கூரை எவ்வளவு உயரம், கண்ணாடி எவ்வளவு அகலம் என்பது தானாகப் புரியும். உங்கள் ஆட்களைச் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். இருட்டில் பேசலாம், ஆனால் இடம் மாறக்கூடாது. மாறினால் பின்னால் இருக்கும் தெருவிளக்கு அவர்கள் உடம்புக்குள் தெரியும்.

படி 7: தொந்தரவு செய்யும் வெளிச்சத்தை மறையுங்கள்

எவ்வளவு பார்த்து வைத்தாலும் ஏதோ ஒரு விளக்கு கண்ணைக் குத்தும். 1947-ல் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா கட்டிய காஃப்மன் வீட்டை ஷுல்மன் அந்தியில் எடுத்தார். 45 நிமிடம் வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக ஓடி, விளக்குகளைப் போட்டும் அணைத்தும், ஷட்டரைத் திறந்தும் மூடியும் சேர்த்த படம் அது. நீச்சல் குளத்து விளக்கு ஒன்று நேராக லென்ஸில் அடித்தது. வீட்டுக்கார அம்மாவையே அதன் முன்னால் குளக்கரையில் சாய்ந்து படுக்கச் சொல்லிவிட்டார். படத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த அம்மா ஓய்வெடுப்பது போலத்தான் தெரியும். உங்கள் பால்கனியில் எதிர்வீட்டு விளக்கு இப்படி அடித்தால், ஒரு பூந்தொட்டியை நகர்த்திப் பாருங்கள்.