கேஷுவால்டி மருத்துவரை ஆசிரியராக்குவது எப்படி? ட்யூட்டி நேரத்திலேயே பழக்கும் முறை

அவசர மருத்துவத்தை இந்திய மருத்துவ கவுன்சில் தனித்துறையாக ஏற்றது 2009-இல்தான். துறை இளையது. எம்.டி. முடித்து ஓராண்டுகூட ஆகாதவர் தலையில் ஹவுஸ் சர்ஜன்களின் பயிற்சி விழுவது சகஜம். "நாளைக்கு ஒரு கிளாஸ் எடுத்துடுங்க" என்பதோடு அவருக்கான பயிற்சியும் முடிந்துவிடுகிறது. அவரும் எண்பது ஸ்லைடு தயாரிக்கிறார், யாரும் கேட்பதில்லை.

வகுப்பறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதம் நோயாளி படுத்திருக்கும் கட்டிலருகே மட்டும் கற்பிக்கட்டும். கைத்திறனை மட்டும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜூனியர் சந்தேகம் கேட்டால், பதிலுக்கு முன் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பவரா என்று கவனியுங்கள்.

முதலில் பழக்க வேண்டியது 1992-இல் வெளியான ஐந்து படி முறை. மாணவரை ஒரு முடிவு சொல்ல வைப்பது, அதற்குக் காரணம் கேட்பது, ஒரே ஒரு பொதுவிதி சொல்வது, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது, தவறைத் திருத்துவது. ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

கேரள எல்லையிலுள்ள வாளையாரிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை பாம்புக்கடிக்குப் பஞ்சமில்லை. பழக அதுவே நல்ல களம். விஷத்தால் ரத்தம் உறையாமல் போகிறதா என்று அறிய, 2 மி.லி. ரத்தத்தைப் புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறோம். நோயாளியின் மூச்சும் ரத்த அழுத்தமும் சீராக இருந்து, நரம்பு விஷ அறிகுறியும் இல்லையென்றால், காத்திருக்கும் அந்த 20 நிமிடத்திலேயே பாடத்தை நடத்தலாம். பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் பவுடரில் கழுவிய குழாயோ ஏன் கூடாது என்று மாணவரிடம் கேட்கச் சொல்லுங்கள். ரத்தம் உறைவதைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. அது கெட்டால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும், தேவையில்லாத விஷமுறிவு மருந்து ஏறும்.

புது ஆசிரியர் சறுக்குவது மூன்றாவது படியில். விஷமுறிவு மருந்தின் ஆரம்ப அளவு 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு, ஒவ்வாமைக்கு அட்ரினலின், சிறுநீரகப் பாதிப்பு என்று தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவார். ஒன்றுதான் சொல்ல வேண்டும். அன்றைய நோயாளி மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர் என்றால் அந்த ஒன்று இதுவாக இருக்கலாம்: நம்மிடம் உள்ள மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகத் தயாரித்தது, மூக்கு நுனி தூக்கியிருக்கும் குழிவிரியன் கடிக்கு அது கேட்காது. மற்றவை அடுத்த நோயாளிக்கு.

ஐந்தாவது படியை எல்லார் முன்னாலும் வைத்துக்கொண்டால் மாணவர் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். திரைக்கு வெளியே, நோயாளியின் உறவினர் காதில் விழாத இடத்தில் சொல்ல வேண்டும்.

செய்முறை கற்பிக்க நான்கு படிகள் உண்டு: பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது, விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது, கடைசியாக மாணவரே சொல்லிச் செய்வது. நேரமில்லை என்று பெரும்பாலும் விட்டுவிடுவது மூன்றாவதை. மாணவர் மனதில் வரிசை குழம்பியிருப்பது அங்கேதான் வெளிப்படும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவதைப் பயிற்சிப் பொம்மையில் இந்த நான்கும் முடிந்த பிறகே நோயாளியிடம் விட வேண்டும்.

வாரம் ஒருமுறை அவர் கற்பிப்பதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மதிப்பெண் வேண்டாம். அவர் கேட்ட கேள்விகளை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை நொடி பொறுத்தார் என்பதையும் குறியுங்கள். பலர் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை, தாமே பதில் சொல்லிவிடுவார்கள். தாளைக் காட்டினால் போதும், உபதேசம் தேவைப்படாது.

நான்காம் மாதம் முதல் நிர்வாகம். இறப்பு, சிக்கல் ஆய்வுக் கூட்டத்தை அவரிடம் கொடுங்கள். முதல் இரண்டு கூட்டங்களில் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு தனியாக நடத்தட்டும். 45 நிமிடம், இரண்டு கேஸுக்கு மேல் கூடாது. ட்யூட்டியில் இருந்தவர் பெயர் திரையில் வரவே கூடாது. வந்தால் மறுமாதம் உண்மையான கேஸ் ஒன்றும் மேசைக்கு வராது. முடிவில் ஒரு மாற்றம், அதற்குப் பொறுப்பான ஒருவர், ஒரு தேதி. அடுத்த கூட்டம் அந்த மாற்றம் நடந்ததா என்ற கேள்வியோடுதான் தொடங்க வேண்டும்.

ட்யூட்டி பட்டியலையும் ஒரு மாதம் அவரே போடட்டும். ஓணத்துக்கு மலையாளி நர்ஸுகள் பாதிப்பேர் லீவு கேட்பார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வாளையார் வழியே இரவெல்லாம் போகும். யாருக்கும் மனக்கசப்பு வராமல் அந்த வாரங்களை நிரப்பிப் பார்த்தவருக்குத்தான் தலைமைப் பொறுப்பின் பாதி புரியும்.

இதற்கெல்லாம் வாரத்தில் அரை நாள் எழுத்தில் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கேஷுவால்டியைப் பார்ப்பவர் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும். வாய்மொழி ஒதுக்கீடு, நோயாளிகள் கூட்டம் சேரும் முதல் நாளிலேயே காணாமல் போகும். நைட் ட்யூட்டி முடிந்த காலையை "கற்பித்தல் நேரம்" என்று கணக்குக் காட்டுவதும் ஏமாற்றுதான்.

முறையான படிப்புக்கு, தேசிய மருத்துவ ஆணையத்தின் மையங்கள் நடத்தும் மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி முதலில். ஆர்வம் நிலைத்தால் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் உள்ள, மருத்துவ ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ஃபைமர் மையத்தின் இரண்டாண்டு ஃபெலோஷிப். அதில் சொந்தத் துறையில் செய்யும் ஒரு கல்வித் திட்டம் இருக்கும். "வகுப்பு பிடித்ததா?" என்று கருத்துப் படிவம் வாங்குவதோடு அதை நிறுத்தக் கூடாது. மாணவர் மறுமாத ட்யூட்டியில் ரத்தப் பரிசோதனைக்கான கண்ணாடிக் குழாயைச் சரியாக வைத்தாரா என்பதை அளக்க வேண்டும். தகவல் திரட்டும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும், பின்தேதி போட்டு வாங்க முடியாது. மாணவரின் சம்மதத்தைத் துறைத்தலைவரோ தேர்வில் மதிப்பெண் போடுபவரோ கேட்கக் கூடாது. அவர்களிடம் எந்த மாணவரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.